எலி ஏறாத தெப்பம்

கருங்காட்டின் நடுவே அகலமான ஆறு ஒன்று ஓடியது. நீந்த முடியாத முயல்களும் முள்ளம்பன்றிகளும், கன்றோடு வரும் மான்களும் மூங்கில் தெப்பத்தில் ஏறித்தான் அக்கரை போகும். தெப்பத்தை இழுப்பவை எருமைகள். கழுத்தில் நார்க்கயிறு, கயிற்றின் மறுமுனையில் தெப்பம். அந்த எருமைகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவன் காரி.

காரி நன்றாகப் பேசுவான். அவன் வாயைத் திறந்தால் நாணல்கூட அசையாமல் கேட்கும் என்று மற்ற எருமைகள் பெருமைப்பட்டுக்கொள்ளும்.

அந்த வருஷம் கோடையில், முதலைகள் காட்டின் தலைவியான யானையிடம் போயின. "கூலியே வேண்டாம். இனி தெப்பத்தை நாங்கள் இழுக்கிறோம்" என்றன. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி யானை அவற்றை அனுப்பியது.

எருமைக் கூட்டம் கலங்கிப்போயிற்று. கரையோரப் புல்தான் அவற்றுக்குக் கூலி. அது போனால் வேறு கதியில்லை.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் காரி. அன்றிலிருந்து யானையின் இருப்பிடத்துக்கு நடையாய் நடந்தான். போவான், காத்திருப்பான், பேசுவான், திரும்புவான்.

ஒருநாள் வெள்ளச்சி அவனை வழிமறித்தாள். அவன் உடன்பிறந்த தங்கை. வால் நுனி மட்டும் வெளுத்தவள். சங்கத்தில் அவளைப் போலத் தெப்பம் இழுக்க ஆளில்லை.

"அண்ணே, நேற்று சுழியருகே தெப்பம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஆற்றோடு போக, கயிறு என் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தியது. கால் தரை தட்டியதால் பிழைத்தேன்."

"கொஞ்சம் கவனமாக இழுக்கக் கூடாதா?"

"கவனத்தால் ஆகிற காரியமில்லை அண்ணே. தெப்பம் திரும்பினால் உடனே கயிற்றை அறுத்துவிட வேண்டும். நமக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. எலிகளிடம் பேசிவிட்டேன். தெப்பத்துக்கு ஓர் எலி, கயிற்றைத் தெப்பத்தில் கட்டிய முடிச்சருகே உட்காரச் சம்மதிக்கிறது. ஆபத்தென்றால் கடித்துவிடும். தெப்பம் மிதந்துபோய்க் கீழே மணல்திட்டில் ஒதுங்கும். ஏறியவர்களுக்கும் ஒன்றும் ஆகாது."

அவள் சொல்வது நியாயம் என்று காரிக்குத் தெரிந்தது. ஆனாலும் யானையின் முகம் அவன் கண்முன் வந்தது.

"இப்போது வேண்டாம் தங்கச்சி. எலி எதற்கு என்று யானை கேட்கும். எருமை இழுத்தால் ஆபத்து என்று ஆகிவிடும். முதலைகளுக்கு அது போதும். உரிமை கைக்கு வரட்டும், மறுநாளே செய்துவிடலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இதை யாரிடமும் பேசாதே."

வெள்ளச்சி கயிற்றுக்குள் கழுத்தை நுழைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

மழைக்காலம் பிறந்ததும் யானை இரண்டு தரப்பையும் கூப்பிட்டது.

"தாயே, பசி வந்தால் முதலைக்குத் தெப்பமும் தெரியாது, கயிறும் தெரியாது" என்றான் காரி. "எங்கள் தெப்பத்தில் இன்றுவரை ஓர் உயிர் போனதில்லை. எங்கள் வேலையில் ஆபத்து என்பதே கிடையாது."

யானை தலையசைத்தது. உரிமை எருமைகளுக்கே என்று தீர்ப்பாயிற்று.

எருமைகள் சேற்றில் புரண்டு கொண்டாடின. அதே வேளையில் ஆறு பெருகிக்கொண்டிருந்தது. அக்கரையில் மான்கள் காத்து நின்றன. "நான் போய் ஏற்றி வருகிறேன்" என்றாள் வெள்ளச்சி. போகாதே என்று சொல்லக் காரி வாயெடுத்தான். தீர்ப்பு வந்த அன்றே தெப்பம் நின்றால் யானை என்ன நினைக்கும்? வாயை மூடிக்கொண்டான்.

திரும்பி வரும்போது நடு ஆற்றில் தெப்பம் திரும்பியது. கயிறு விறைத்தது. வெள்ளச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். தலை அமிழ்ந்தது, எழுந்தது, மறுபடி அமிழ்ந்தது.

காரி பாய்ந்து நீந்தினான். கயிற்றைக் கவ்விக் கடித்தான். நார் வழுக்கியது. ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர, கயிறு அறுபடவில்லை. கரையில் எலிகள் கத்திக்கொண்டு ஓடின. அந்த வெள்ளத்தில் அவற்றால் இறங்க முடியவில்லை.

தெப்பம் அவளையும் இழுத்துக்கொண்டு மணல்திட்டில் போய் ஒதுங்கியது. மான்கள் நடுங்கியபடி இறங்கின. வெள்ளச்சி எழுந்திருக்கவில்லை.

யானை வந்து நின்றது. "வெள்ளம் கொண்டுபோய்விட்டது தாயே" என்று ஓர் எருமை முந்திக்கொண்டது.

"வெள்ளம் இல்லை" என்றான் காரி. "இப்படி ஆகும் என்று அவள் சொன்னாள். தெப்பத்தில் எலியை ஏற்றச் சொன்னாள். உங்களுக்குத் தெரிந்தால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்."

யானை துதிக்கையால் வெள்ளச்சியின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றியது.

"கோடையிலேயே இதை என்னிடம் சொல்லியிருந்தால், அன்றைக்கே எலியை ஏற்றச் சொல்லியிருப்பேன்" என்றது. "எந்த எலியாவது முதலை இழுக்கும் தெப்பத்தில் போய் உட்காருமா? உரிமையும் அன்றைக்கே உங்களுக்கு வந்திருக்கும், காரி."

மறுநாளிலிருந்து எலி இல்லாமல் ஒரு தெப்பமும் நகரவில்லை. சங்கம் வேறு தலைவனைத் தேடிக்கொண்டது. வெள்ளச்சியின் தெப்பத்தைக் காரியே இழுத்தான். முடிச்சருகே உட்காரும் எலி போகும்போதும் வரும்போதும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கும். அவன் பதில் சொல்வதில்லை.

தன் கூட்டத்துக்காக வெளியே வாதாடப் போகிறவன், கூட்டத்துக்குள் எழும் எச்சரிக்கையை அடக்கிவிட்டுப் போனால், வென்று வந்தாலும் தோற்றவனே ஆவான்.