நாவல்குளத்துச் சடுகுடு

மேகங்கள் இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற குளம் ஒன்று ஒரு காட்டின் கோடியிலே இருந்ததாம். அதன் பெயர் நாவல்குளம். கரையில் ஒரு நாவல் மரம். மரத்தடியில் முயல்கள் படிக்கிற சின்னக் கல்லூரி. அதற்கு ஒரு மயில்தான் முதல்வர்.

கல்லூரியில் ஒரு சடுகுடு அணி இருந்தது. ஆனால் எதிர்த்து ஆட ஆள் இல்லை. அவ்வளவு தூரம் யார் நடந்து வருவார்கள்?

"ஜெயிக்கிற கல்லூரிக்குத்தான் குட்டிகள் வந்து சேரும். ஆட்டமே நடக்காவிட்டால் கல்லூரியை மூட வேண்டியதுதான்!" என்று கவலைப்பட்டது மயில்.

அதனால் மலையடிவாரத்து மரநாய்களுக்குச் சொல்லி அனுப்பியது. "வாருங்கள்! வந்தால் ஒரு கூடை நாவல்பழம்!"

மரநாய்கள் வந்தன. வந்த விருந்தாளியைப் பசியோடு ஆடவிடலாமா? முயல்கள் முதலில் பழக்கூடையை நீட்டின. மரநாய்கள் வயிறு முட்டத் தின்றன. நாக்கெல்லாம் ஊதா. ஆட்டத்தில் அசையக்கூட முடியவில்லை. முயல்கள் ஜெயித்தன!

மயில் அன்றைக்குத் தோகையை மடக்கவே இல்லை. அடுத்த முறை மரநாய்களின் தலைவன் கருவாயனைத் தனியே அழைத்தது.

"இந்தத் தடவை ரெண்டு கூடை. ஆனால்..."

"புரியுது ஐயா! எங்களுக்கு விழத் தெரியாதா என்ன!" என்று சிரித்தது கருவாயன்.

அதன் பிறகு நாவல்குளம் தோற்கவே இல்லை. அணில், மைனா, ஆமை என்று காடே வேடிக்கை பார்க்க வந்தது. மாலை வெயில் குளத்தில் பொன்னாய்க் கரையும். தும்பை என்ற வெள்ளை முயல் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டும். மரநாய்கள் பழம் உதிர்வது போல விழும். எல்லாம் கனவில் நடப்பது போலவே இருக்கும்.

ஒருநாள் தும்பைக்குச் சந்தேகம் வந்தது. அணித்தலைவன் மொச்சையிடம் போனது.

"மொச்சை, என் கால் படுவதற்கு முன்னாடியே கருவாயன் விழுந்துட்டான்!"

"பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? பாயிண்ட் வந்துச்சா இல்லையா?"

"ஆற்றங்கரைத் திருவிழாவிலே கீரிகளோடு ஆடப் போறோமே! அங்கே யார் விழுவாங்க?"

மொச்சை காதைச் சொறிந்தது.

தும்பைக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நான் நிஜமாகவே ஆடுகிறேனா? தெரிந்தே ஆக வேண்டும். அடுத்த ஆட்டத்தன்று, குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கருவாயனிடம் போய் நின்றது.

"அண்ணே, இன்னிக்கு என்னை நிஜமாப் பிடிங்க!"

"நல்லா இருக்கே கதை! விழுந்தால் ரெண்டு கூடை. உன்னைப் பிடிச்சால் எனக்கு என்ன கிடைக்கும், தங்கச்சி?"

"என் பங்குப் பழம் முழுக்க உங்களுக்கு."

கருவாயன் தும்பையை ஏற இறங்கப் பார்த்தது. "தோற்கிறதுக்கும் கூலி, ஜெயிக்கிறதுக்கும் கூலி! உங்க ஊர் மாதிரி ஊரே இல்லை. சரி, போ!"

ஆட்டம் தொடங்கியது. தும்பை பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. கருவாயன் பாய்ந்தது. தும்பை விலகியது. கருவாயன் மண்ணைக் கவ்வியது! மற்ற மரநாய்களும் பாய்ந்தன. ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டன. விழுந்து விழுந்தே பழகிய கால்களுக்குப் பிடிக்க மறந்து போயிருந்தது.

தும்பை சுற்றிச் சுற்றி ஓடியது. சடுகுடு... சடு... கு...

மூச்சு தீர்ந்துவிட்டது! திரும்பி வரக் கோடு இன்னும் தூரத்தில் இருந்தது. பாட்டு நின்றால் அவுட். உடனே உடனே விழுகிறவர்களோடு ஆடியதில், மூச்சை இழுத்துப் பிடிக்க அதற்கு ஒருநாளும் தேவை வந்ததில்லை.

மயில் பதறிப்போய்க் கத்தியது. "ஏய் கருவாயா! ரெண்டு கூடைக்கு ஒத்துக்கிட்டு நிஜமாவே பிடிக்கப் பாயுறியே, நியாயமா?"

குளக்கரையே மயிலைத் திரும்பிப் பார்த்தது.

"அடடே! கூடைதான் இத்தனை நாளா ஜெயிச்சுதா!" என்றது அணில்.

யாரும் சண்டை போடவில்லை. மைனாக்கள் பறந்தன. ஆமை மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு மரத்தின் பின்னால் போனது. மொச்சையும் மற்ற முயல்களும் தலைகுனிந்து வளைக்குத் திரும்பின.

குளத்தின் மேல் பனி படரத் தொடங்கியது. கோட்டின் இந்தப் பக்கம் தும்பை. அந்தப் பக்கம் கருவாயன்.

"எனக்கு மூச்சே இல்லைண்ணே," என்றது தும்பை.

"எனக்குக் காலே இல்லை, தங்கச்சி."

"நாளைக்கு வருவீங்களா? கூடை கிடையாது."

கருவாயன் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தது. "வர்றேன். ஆனால் ஒண்ணு. நான் பிடிச்சால் அழக் கூடாது!"

"நீங்க விழுந்தால் நான் சிரிப்பேன்!"

தும்பை வளைக்குப் போனது. இரண்டு கூடைகளும் நிறைந்தபடியே கரையில் கிடந்தன. கருவாயன் அவற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, வெறுங்கையோடு பனிக்குள் நடந்து மறைந்தது.

கூலி வாங்கிக்கொண்டு தோற்கிறவரோடு ஆடினால் வெற்றி மட்டும்தான் கிடைக்கும், ஆட்டம் வராது.