சிம்மாசனத்துக்கு எடுத்த அளவு

செங்குளத்தூரை ஆண்ட உத்தமராயருக்கு வயது அறுபத்தெட்டு. மூன்று பிள்ளைகள். இடது கால் ஆடுகிற ஒரு சிம்மாசனம். கால் ஆடுவது ஊருக்கே தெரியும். சொல்லத்தான் ஆளில்லை. அரசாங்கம் அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் சபைக்கு ஒரு மாந்தோப்பு வழக்கு வந்தது. தகப்பன் எதுவும் எழுதி வைக்காமல் கண்ணை மூடிவிட்டான். அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷமாக அடித்துக்கொண்டார்கள். அண்ணன் வேலி போட்டால் தம்பி பிரித்தான். தம்பி நீர் பாய்ச்சினால் அண்ணன் வாய்க்காலை அடைத்தான். கடைசியில் தோப்பு பட்டுப்போனது. வழக்கு மட்டும் செழிப்பாக இருந்தது.

ராயர் சிரித்தார். "அந்தக் கிழவனுக்கு ஓர் ஓலை எழுதி வைக்க என்ன கேடு?"

அரண்மனை ஓலைகளை எழுதிக் காக்கும் காத்தப்பன் எழுத்தாணியை நிறுத்தினான். "தன் பிள்ளைகள் ஒரே இலையில் சாப்பிடுகிறவர்கள் என்று நம்பியிருப்பான், மகாராஜா."

"முட்டாள்."

"ஆமாம், மகாராஜா. தங்களுக்குப் பிறகு யார் என்று எழுதிய ஓலையையும் நான் பெட்டி பெட்டியாகத் தேடிவிட்டேன். அகப்படவில்லை."

பிரதானி அனந்தப்பர்தான் முந்திக்கொண்டார். உயிரோடு இருப்பவர் தமக்குப் பின் நடப்பதை எழுதினால் ஆயுள் குறையும், இப்படிப் பேசியவனை நாட்டைவிட்டே துரத்த வேண்டும் என்றார். அவர் கவலைக்குக் காரணம் உண்டு. ஓலை எழுதாதவரை மூன்று இளவரசர்களும் அவரை மாமா என்று அழைத்து, ஆளுக்கொரு பழத்தட்டோடு அவர் வாசலில் நிற்பார்கள். எழுதிவிட்டால் இரண்டு தட்டு நின்றுபோகும்.

ராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. தம் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள் என்பதைக் காத்தப்பன் மூன்று நாளில் காட்ட வேண்டும் என்றார். அவர்களிடம் அவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கோள் மூட்டக் கூடாது. பொய் கூடாது. முடியாவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

காத்தப்பன் கும்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். போவதற்கு முன்னால் மகாராஜாவுக்கு ஆடாத சிம்மாசனம் ஒன்று செய்து வைக்க உத்தரவு வேண்டும். அந்தக் காலோடு பட்ட பாடு ராயருக்குத்தான் தெரியும். சரி என்றார்.

மறுநாள் மாடக்கண்ணு ஆசாரி மூன்று இளவரசர்களின் மாளிகைக்கும் ஒரு சணல் கயிற்றோடு போனார். புதிதாகச் சிம்மாசனம் செய்கிறோம், இடுப்பளவு வேண்டும் என்றார். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. திரும்பி வந்து மரம் இழைக்க உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஆயுதசாலைக் கதவில் மூன்று பூட்டுகள் தொங்கின. இளவரசருக்கு ஒன்று. உழவர் தெருவில் அவர்களுடைய ஆட்கள் வீட்டுக்கு ஒருவனைப் பிடித்துக் கையில் ஈட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பி சண்டையில் சாகிறவன் எந்தக் காலத்திலும் மூன்றாம் வீட்டுக்காரன்தான்.

ராயர் காத்தப்பனைக் கூப்பிட்டுக் கத்தினார். பிள்ளைகளிடம் என்ன சொல்லி அனுப்பினாய் என்றார்.

"அளவு கேட்டு அனுப்பினேன், மகாராஜா. சிம்மாசனம் நூறு வருஷம் நிற்க வேண்டியது. அடுத்து உட்காருகிறவருக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அவர் யார் என்று எங்கும் எழுதவில்லை. அதனால் மூவருக்கும் எடுக்கச் சொன்னேன்."

ஆசாரி நடந்ததைச் சொன்னார். மூத்தவர் அளவு கொடுத்துவிட்டு, தம்பிகள் கீழே நிற்பதற்கு நாலு படி வைக்கச் சொன்னாராம். நடுப்பிள்ளை கைப்பிடிக்குள் ஒரு கத்தி ஒளித்து வைக்க இடம் கேட்டாராம். இளையவர் அண்ணன்மார் இருவரும் வேட்டைக்குப் போகும் நாளைச் சொல்லி, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றாராம்.

ராயரின் குரல் இறங்கிவிட்டது. "ஆசாரி, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தனாவது கேட்டானா?"

"மூணு பேருமே உங்களைப் பத்திக் கேட்டாங்க, சாமி."

ராயர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "என்ன கேட்டார்கள்?"

ஆசாரி தலையைச் சொறிந்தார். "பழைய சிம்மாசனத்து மரம் உங்க சிதைக்குப் போதுமான்னு."

ராயர் மூன்று பிள்ளைகளையும் எதிரில் வரவழைத்தார். காத்தப்பனை எழுதச் சொன்னார். அரசு இன்னாருக்கு, ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்கள் இன்னாருக்கு, தெற்கே உள்ளவை இன்னாருக்கு என்று ஊர் ஊராக, ஏரி ஏரியாகச் சொன்னார். எழுதியதை உரக்கப் படிக்க வைத்தார். மூவரும் முணுமுணுத்தார்கள். ஆனால் இல்லாத ஓலைக்காகச் சண்டை போடுவது சுலபம். கண்ணெதிரே முத்திரை விழப்போகிற ஓலையோடு யார் சண்டை போடுவது? பூட்டுகளைத் திறக்க ஆள் போனது. உழவர்கள் ஈட்டிகளைத் தெருவில் போட்டுவிட்டு வயலுக்குப் போனார்கள். அவர்களிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முத்திரை வைக்க ராயர் மோதிரத்தைக் கழற்றும்போது அனந்தப்பர் குறுக்கே வந்தார். "வேண்டாம், மகாராஜா. தங்கள் ஆயுள்தான் எனக்குப் பெரிது. நாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

காத்தப்பன் ஆசாரியைப் பார்த்தான். ஆசாரி இடுப்பிலிருந்து அளவுக் கயிறுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

"எனக்கு மூன்று பிள்ளைகள்தானே?" என்றார் ராயர்.

"மூன்று அளவு ஆசாரி போய் எடுத்தது, மகாராஜா" என்றான் காத்தப்பன். "நான்காவது, பட்டறையைத் தேடித் தானாகவே நடந்து வந்தது. தங்கள் ஆயுளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவரை ஒரு தடவை திரும்பி நிற்கச் சொல்லுங்கள். கயிற்றை வைத்துப் பார்த்துவிடலாம்."

அனந்தப்பர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

ராயர் சிரித்த சிரிப்பில் பழைய சிம்மாசனத்தின் இடது கால் ஒடிந்தே போனது. தரையில் உட்கார்ந்தபடியே முத்திரை வைத்தார்.