பார்த்தவர் பெயர்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கீழப்பொய்கையில் கிடையாது. "மக வயசுப் பொண்ணுகிட்ட மந்திரம் வாங்கணுமாக்கும்" என்று டீக்கடையில் ஆவுடையப்பனைச் சீண்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மடத்துக்குப் போய்விடுவார்.

மந்திரம் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவர் வந்த முதல் நாள், மடத்துக் குரு மங்கையம்மா அவர் கையில் ஒரு சாக்பீஸ் டப்பாவையும் ஒரு ஈரத்துணியையும் கொடுத்தார்.

மடத்து வாசலில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு கரும்பலகை உண்டு. ஊரில் நடந்த சாவு, கல்யாணம், கால்வாயில் தண்ணீர் விடும் நாள், வெறிநாய் திரியும் தெரு, மலை எஸ்டேட் பஸ் எல்லாம் அதில் வரும். வழக்கம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'பார்த்தவர்' என்று போட்டு ஒரு பெயர் எழுத வேண்டும். பெயர் இல்லாத செய்தி பலகையில் ஏறாது. அதனால் ஊரில் எந்தச் சண்டை வந்தாலும் "பலகையில போட்டிருக்கா?" என்று கேட்டதோடு சண்டை முடிந்துவிடும்.

ஆவுடையப்பன் இருபத்தெட்டு வருஷம் ஒரு தினசரியில் செய்தி எழுதியவர். பலகை வேலை அவருக்குக் கொஞ்சம் கசந்தது. மலை பஸ்தான் ரொம்பக் கசந்தது. அது வந்தாலும் வரும், வராமலும் போகும். தினமும் டிப்போ வரை நடந்துபோய் டைம்கீப்பரிடம் கேட்டு வந்து, அவர் பெயரைப் போட்டு எழுத வேண்டும்.

"தலைப்புச் செய்தி எழுதுன கைம்மா இது. பஸ் உண்டா இல்லையான்னு எழுதச் சொல்லுதிய."

"பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கு அதான் ஐயா தலைப்புச் செய்தி."

அவர் முனகிக்கொண்டே டிப்போவுக்கு நடப்பார். மங்கையம்மா சொன்னால் அவருக்குத் தட்டத் தெரியாது. அத்தனை பிரியம்.

அந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலச் சந்தையில் எவனோ ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஆறு பேர் செத்தார்கள். பதினாலு பேருக்குக் காயம். கூச்சலிலும் ஓட்டத்திலும் அவன் எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. நாலு நாள் கழித்து வெளியூரில் பிடிபட்டான். அவன் பெயரைக் கீழப்பொய்கையில் ஒருவர்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஆனால் வேறு பெயர்கள் நிறையச் சொன்னார்கள்.

மங்கையம்மா காயம்பட்டவர்களோடு ஆம்புலன்சில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. சனிக்கிழமை காலையில் போனில் ஆறு பெயரைச் சொன்னார். ஆவுடையப்பன் எழுதினார். ஆறு பேரும் அவருக்கு வணக்கம் சொல்கிறவர்கள். நாலாவது பெயரைத் தப்பாக எழுதி, அழித்து எழுதினார். கீழே 'பார்த்தவர்: மங்கையம்மா' என்று போட்டார்.

பத்து மணிக்குள் பலகை முன்னால் கூட்டம்.

"செத்தவங்க பேரு எங்களுக்கும் தெரியும் ஐயா. கொன்னவன் பேரு எங்க?" என்றான் டீக்கடை வன்னியராசு.

"தெரியலையே."

"உங்க பலகைக்கு மட்டுந்தான் தெரியலை. ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கொய்யாத்தோப்பு பலவேசத்திடம் கிளி விரட்ட ஒரு ஏர்கன் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒரு பையோடு பஸ் ஏறியதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு இது கேள்வியாக இருந்தது. பத்து மணிக்குப் பதிலாகிவிட்டது.

டீக்கடை டிவியில் 'உள்ளூர்க்காரர் மீது சந்தேகம் எனத் தகவல்' என்று ஓடியது. அந்தத் தகவல் எங்கிருந்து போனது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். டிவிக்கார நிருபர் காலையில் அதே டீக்கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான். தெரிந்தும் கை அரித்தது. எல்லோரும் முந்திக்கொண்டு போக, தன் பலகை மட்டும் ஊமையாக நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான்.

எழுதினார். 'சந்தையில் சுட்டது கொய்யாத்தோப்பு பலவேசம் எனக் கூறப்படுகிறது.'

'கூறப்படுகிறது' என்று போட்டால் பொய்யாகாது. இருபத்தெட்டு வருஷம் அவரைக் காப்பாற்றிய சொல் அது. ஆனால் அடுத்த வரியில் சாக்பீஸ் நின்றது. பார்த்தவர் யார்? ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு 'ஊரார்' என்று எழுதிவிட்டு உள்ளே போனார்.

நிருபர் பலகையைப் படம் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் டிவியில் 'மடத்துப் பலகையே சொல்கிறது' என்று வந்தது. "பாத்தியளா, டிவியிலயும் சொல்லிட்டான்" என்று டீக்கடையில் தலையாட்டினார்கள். மத்தியானத்துக்குள் பலவேசம் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது.

அவர் மனைவி பேச்சியம்மாள் கால்வாய்க் கரையோடு ஓடிவந்து மடத்துப் பின்வாசலில் நின்றாள். உடைந்த ஓடு கிழித்து நெற்றியில் ரத்தம்.

"ஐயா, பலகையில ஏதோ தப்பா வந்துட்டாம். அம்மாட்ட சொல்லி மாத்தி எழுதச் சொல்லுங்க. எங்க மக பிள்ளை பெத்திருக்கா. அவுக அதைப் பாக்க எஸ்டேட்டுக்குப் போயிருக்காக. அங்கன போன் எடுக்காது. இன்னிக்கு அஞ்சே முக்கா பஸ்ல வாராக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா."

எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆவுடையப்பன் அவளை உட்காரவைத்து நெற்றியைத் துடைத்துவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். எல்லோரும் சந்தையில் நிற்கிறார்கள், ஆள் வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பஸ் நிறுத்தத்தில் முப்பது நாற்பது பேர். சிலர் கையில் கம்பு. சுட்டுவிட்டு மகள் இருக்கும் மலைக்குத்தான் ஓடியிருப்பார் என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்; அங்கிருந்து இறங்க ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை.

"எதுக்கு அழிக்கிய?" என்றான் வன்னியராசு. "யாரு மிரட்டுனா? மிரட்டி அழிக்க வச்சா, அப்போ அது நிசந்தான்னு ஆகுதுல்லா?"

துணியோடு திரும்பி உள்ளே வந்துவிட்டார்.

நாலரை மணிக்கு மங்கையம்மா வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். சேலைத் தலைப்பில் யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது. வாசலில் நின்று பலகையைப் படித்தார். உள்ளே வந்து பேச்சியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் எதிரே வந்து நின்றார். "நான்தான் எழுதுனேன்" என்றார். அதை அவர் சொன்னது பேச்சியம்மாளைப் பார்த்து. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பார்த்தவர் ஊராருன்னு போட்டிருக்கே" என்றார் மங்கையம்மா. "அதுல நீங்க உண்டா?"

"நான் பாக்கலம்மா. மடத்துலதான் இருந்தேன்."

"சரி. ஊரார்ல ஒரு ஆள் குறைஞ்சாச்சு. மிச்சம் யாரு?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"ஊராருங்கிறவரை எனக்குத் தெரியாது ஐயா. நீங்க போயி பேரைக் கேட்டு எழுதிருங்க."

"அடிச்சிருவாங்கம்மா."

"நானும் வாரேன். அடி விழுந்தா பாதி எனக்கு."

இருவரும் வெளியே போனார்கள். மணி ஐந்து. ஆவுடையப்பன் 'ஊரார்' என்ற சொல்லை மட்டும் அழித்தார். கூட்டம் முறைத்தது.

"அழிச்சிட்டுப் போகலை" என்றார். "ஊராருன்னு பொதுவா போட்டது தப்பு. பாத்தவங்க பேரு போடணும். பலவேசம் சுட்டதை யாரு பாத்திய? பேரு சொல்லுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வன்னியராசு, உன் பேரு போடவா?"

"டிவியில சொன்னாங்கல்லா?"

நிருபரைப் பார்த்தார். "உங்க பேரு போடவா தம்பி?"

"நான் காலைலதான் சார் வந்தேன். உங்க பலகையில இருந்துதான..."

ஆவுடையப்பனுக்குக் காது சுட்டது. திரும்பி, பலகையில் காலியாக இருந்த இடத்தில் எழுதினார். 'ஆவுடையப்பன். மடத்தில் இருந்தேன். எதையும் பார்க்கவில்லை.' தன் பெயரைப் பலகையில் அவர் எழுதியது அதுவே முதல் தடவை.

"நான் பாத்தேன்" என்றது ஒரு குரல்.

பூக்காரி செண்பகம். சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடைக்காரிதான் செத்தவர்களில் நாலாவது பெயர். நேற்றிலிருந்து யாரிடமும் பேசாமல் இருந்தவள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது.

"அவன் மூஞ்சி பாத்தியா தாயி?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

"செருப்பைத்தான் பாத்தேன். பூக்கூடைக்குள்ள தலைய வச்சிக்கிட்டேன். அவ என் கைய வந்து பிடிச்சா. நான் நிமிந்து பாக்கல." அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு எழுதத் தெரியாது ஐயா. நீங்க போட்டுக்கிடுங்க. கண்ண மூடிக்கிட்டேன்னு போடுங்க."

அவர் எழுதினார். கண்ணீர் மறைத்ததால் வரி கோணலாகப் போனது.

அங்கே இருந்தவளே இவ்வளவுதான் பார்த்தாள். கம்பு வைத்திருந்தவர்கள் கீழே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வன்னியராசு வந்து சாக்பீசுக்குக் கை நீட்டினான். "சத்தம் கேட்டதும் ஷட்டரை இழுத்துட்டேன் ஐயா. வெளிய ரெண்டு பேரு தட்டுனாங்க. நான் திறக்கலை." அதைச் சொன்ன பிறகு அவன் அழுதான். காலையிலிருந்து ஊரிலேயே அதிகம் பேசியவன் அவன்தான். ஏன் அவ்வளவு பேசினான் என்பது ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லோரும் வந்து எழுதினார்கள் என்று சொன்னால் அது பொய். பாதிப்பேர் மெல்ல நழுவினார்கள். நிருபர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஆனால் பதினேழு பேர் எழுதினார்கள். ஓடிவிட்டேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். ஊரில் இல்லை. பார்க்கவில்லை. பார்க்கவில்லை.

ஐந்தே முக்கால் பஸ் ஆறு மணிக்கு வந்தது.

பலவேசம் தோளில் ஒரு சாக்கோடு இறங்கினார். மகள் கொடுத்துவிட்ட பலாப்பழம். பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அது குறைந்தது.

"என்னவே, எல்லாரும் நிக்கிய? யாரு செத்தது?"

அவர் பலகையிடம் வந்தார். ஆறு பெயரையும் படித்து, ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தார். அடுத்து தன் பெயரைப் படித்தார். சாக்கு தோளிலிருந்து இறங்கியது.

"எழுதுனது நான்தான்" என்றார் ஆவுடையப்பன். "உங்க வீட்டுல கல்லு விழுந்ததும் என்னாலதான். பேச்சியம்மா உள்ள பத்திரமா இருக்கா."

பலவேசம் கீழே இருந்த பதினேழு வரிகளையும் செண்பகத்தின் வரியையும் ஆவுடையப்பனின் வரியையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்துத் திரும்பியபோது அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஆவுடையப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேற எவன் பேராவது இருந்திருந்தா நானும் நம்பியிருப்பேன் ஐயா" என்றார். "நம்ம பலகைல்லா."

சாக்கைப் பலகை அடியிலேயே விட்டுவிட்டு மனைவியைத் தேடி உள்ளே போனார்.

கூட்டம் கலைந்தது. ஆவுடையப்பன் பலகை அடியில் உட்கார்ந்துவிட்டார். மங்கையம்மா ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினார். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இருவர் வயிற்றிலும் எதுவும் போயிருக்கவில்லை.

அவர் சாக்பீஸ் டப்பாவை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"வேற ஆளைப் பாத்துக்கிடுங்கம்மா."

மங்கையம்மா டப்பாவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"இனிமே இந்தப் பலகையை ஊரு நம்புமாம்மா?"

மங்கையம்மா டப்பாவை எடுத்து, மூடியைச் சரியாக அழுத்தி, அவர் மடியில் திரும்ப வைத்தார்.

"நாளைக்கு மலை பஸ் உண்டான்னு டிப்போவுக்கு நடந்து போயி கேட்டுட்டு வந்து எழுதுங்க ஐயா. பேச்சியம்மா பேத்தியைப் பாக்கப் போகணுமாம்."