யாளியின் குகையில் மழை

ஆறு மணிக்கு அறையைப் பூட்டியாக வேண்டும் என்பதால்தான் வேதமுத்துவின் வீரன் இன்னும் சாகாமல் இருந்தான். யாளி அவன் மார்புக்கு மேல் காலைத் தூக்கிய நிலையில் ஆட்டம் நின்றுபோனது. அடுத்த ஞாயிறு அந்தக் கால் இறங்கும்.

கோவையில், மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றின் பின்தெருவில் ஒரு படிப்பகம். அதன் மாடியில் ஞாயிறுதோறும் அந்த ஆட்டம் நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் புகுவார்கள். எதிரே வரும் மிருகத்துக்குப் பலம் இவ்வளவு, அடி இவ்வளவு என்று நடத்துபவர் முன்கூட்டியே எண் வைத்திருப்பார். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒருமுறை மேசையில் சொன்ன எண்ணை மாற்றக் கூடாது. செத்த வீரன் திரும்பி வரக் கூடாது.

வழக்கமாகக் கதை நடத்துபவள் இளவேனி. பகலில் கிரைண்டர் பழுதுபார்ப்பவள். அந்த மேசையில் அவளுக்கு ஆசான் என்று பெயர். பரஞ்சோதி அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பழைய செயலாளர். எவனையும் முதலாளி என்று வாயால் அழைக்காதவர். அவரும் அவளை ஆசான் என்றே கூப்பிட்டார்.

அந்த ஞாயிறு முதல்முறையாக அவர் கையில் கதையைக் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று வீரர்களின் பலத்தையும் கூட்டி, அதே பலத்தை யாளிக்கு வைத்தார் பரஞ்சோதி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதுவல்லவோ நியாயமான சண்டை என்று பெருமையோடு அறிவித்தார். நியாயமான சண்டையின் முடிவில் மூன்று பேரும் தரையில் கிடந்தார்கள்.

மற்ற இருவரைப் பற்றிக் கவலையில்லை. வேறு வீரனைத் தொடங்கிக்கொள்வார்கள். வேதமுத்து அப்படியல்ல. அவருக்குத் திக்குவாய். கடையில் டீ கேட்கக்கூட விரலைத்தான் காட்டுவார். அந்த மேசையில், அந்த வீரனாக இருக்கும்போது மட்டும் பேச்சு தண்ணீர் மாதிரி வரும். அன்று அவர் தன் பகடையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அதைப் பார்த்ததிலிருந்து பரஞ்சோதிக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இளவேனியின் பட்டறைக்குப் போனார். அடுத்த ஞாயிறு யாளியின் பலத்தைக் குறைத்து வாசித்தால் யாரும் தடுக்கப்போவதில்லைதான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக எண்ணை மாற்றுவது ஆலை நிர்வாகத்தின் பழக்கம், அதை எதிர்த்தே தன் தலைமுடி நரைத்தது என்றார். அப்புறம் குரல் தணிந்தது.

"எண்ணை மாத்தாம அந்த மனுசனைக் காப்பாத்த வழி இருக்குதுங்களா, ஆசான்?"

இளவேனி கிரைண்டருக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க பெரிய ஸ்ட்ரைக் எப்படி முடிஞ்சுதுங்ணா?"

கேட்டதற்கு இதுவா பதில் என்று அவருக்கு எரிச்சல். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாளியிடம் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தது. போலீஸ் இருந்தது. இவர்களிடம் ஆலை கேட்டுக்கு முன்னால் போட்ட பந்தல் மட்டும் இருந்தது.

"ஆனா நாங்க நகரலைங்க. எதுக்கு நகரணும்? இழக்கறதுக்கு எங்ககிட்ட என்ன இருந்துச்சு? வீட்டுல அடுப்பே எரியல."

பிறகு மழை பிடித்தது. புதிதாக இறக்கிய மெஷின்களின் மேல் கூரை ஒழுகியது. தார்ப்பாய் இழுத்துப் போட உள்ளே ஓர் ஆள் இல்லை. முதலாளி நனைந்துகொண்டே கேட்டுக்கு வந்து கோரிக்கையை ஒப்புக்கொண்டார். அவருக்கு இரக்கம் பிறந்தது என்று துண்டறிக்கையில் போடச் சொன்ன சங்கக்காரர்களும் இருந்தார்கள். அந்த வரியை அடித்தவர் பரஞ்சோதி.

"இரக்கமாவது வெங்காயமாவது. கூரைங்க, ஆசான்."

"அவரு பலம் கொறஞ்சுதுங்களா?"

"ஒரு பைசா கொறையல."

அவள் சுவிட்சைப் போட்டாள். கல் சுற்றியது.

"அப்ப ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தக் குகைக்குள்ள போயி, கூரை எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வாங்க."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து விறுவிறுவென்று நடந்தார். பஸ் நிறுத்தம் வந்தும் பஸ் ஏறவில்லை. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டு, வேதமுத்துவின் வீட்டுக்குப் போனார்.

"சா... சாகறதுக்கா கூ... கூப்பிடறீங்க, தோழர்?" என்றார் வேதமுத்து.

எண்ணை மாற்ற மாட்டேன், ஆனாலும் வாருங்கள் என்று மட்டும் பரஞ்சோதி கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. வேதமுத்துவும் வந்தார். பரஞ்சோதி யாளியின் எண்களைப் பழையபடியே வாசித்தார். தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது. வெளியே மழை பிடித்துவிட்டது என்றார். குகையின் கூரையில் ஒரு வெடிப்பு. இருட்டு மூலையில் தண்ணீர் கொட்டுகிறது. அந்த மூலையிலிருந்து மெல்லிசாக ஒரு முனகல்.

"யாளி காலைக் கீழ வெக்கல. திரும்பி மூலையைப் பாக்குது."

அதற்குமேல் அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இவர்களுக்குப் புரியாவிட்டால் கால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அது அந்தப் பக்கம் பார்க்கும்போதே கழுத்தில் ஒரு போடு போடலாம் என்று மற்ற இருவரில் ஒருவர் பகடையை எடுக்கப் போனார். வேதமுத்து பகடைமேல் கையை வைத்து மூடினார்.

"மூலையில் உன் குட்டி நனைகிறது," என்றான் அவருடைய வீரன், தரையில் கிடந்தபடி. "நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போ. உன்மேல் கை வைக்க மாட்டோம்."

ஓர் எழுத்து தடுக்கவில்லை.

பரஞ்சோதிக்குத்தான் வார்த்தை தடுக்கியது. யாளி காலைத் தரையில் ஊன்றியது என்றார். குட்டியைக் கவ்விக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது என்றார். யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு மேசையே சிரித்தது. வேதமுத்து எழுந்துபோய் ஜன்னலில் தலையை நீட்டி, கீழே கடைக்காரரைப் பார்த்து, "அ... அஞ்சு டீ" என்று கத்தினார். விரலைக் காட்டவில்லை.

டீ வந்தது. பரஞ்சோதியின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ஆனால் கணக்கு இன்னும் உறுத்தியது.

"சமமாத்தானே வெச்சேன், ஆசான். நான் போட்ட கணக்குல எங்க தப்பு?"

இளவேனி டீயை ஊதினாள்.

"கணக்குல தப்பே இல்லீங்ணா. அன்னிக்கி மில்லு கேட்டு முன்னால, நகர ஒரு காரணமும் இல்லாம நின்ன உங்களக் கொண்டுபோயி குகைக்குள்ள நிறுத்திட்டு, எங்ககிட்ட யாளின்னு சொல்லிட்டீங்க."