வௌவாலுக்கு மட்டும் கவிழ்ந்த உலகம்

அந்தக் காலத்தில் வானத்தில் இரண்டு நிலாக்கள் இருந்தன. பிராணிகளுக்குப் பேச்சும் இருந்தது, வம்பும் இருந்தது. திடீரென்று சின்ன நிலா தேயத் தொடங்கியது. தேய்ந்ததே தவிர, திரும்ப வளரவில்லை. யுகம் முடியப்போகிறது என்று காடெங்கும் ஒரே பேச்சு.

அப்போதெல்லாம் வௌவால் கிளைமேல் நிமிர்ந்துதான் உட்காரும். அதற்குக் குட்டி பிறந்திருந்த நேரம் அது. கண்கூடத் திறக்காத குட்டி. பெற்ற வயிறு பதறாதா? குட்டியையும் சுமந்துகொண்டு குளத்து ஆமையிடம் பறந்து போனது.

"மாமா, யுகம் எப்படி முடியும்? பிள்ளையை எங்கே வைப்பேன்?"

"ஆதியில உலகமே ஒரு தண்ணிப் பானைதாம்மா. யுகம் முடிஞ்சா குப்புறக் கவிழும். வெள்ளம் வரும். உச்சிக்கிளைக்குப் போயிடு."

பக்கத்துப் புற்றிலிருந்து கரையான் தலையை நீட்டியது. "தண்ணியா? யாரு பார்த்தது? ஆதியில எல்லாம் மண்ணுதான். கவிழும்கிறது மட்டும் நிஜம். காத்து அள்ளிக்கிட்டுப் போயிடும், குழிக்குள்ள இறங்கிடு."

வௌவாலுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. உலகமே கவிழும்போது மேலே எது, கீழே எது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. நிமிர்ந்து நிற்பவர்கள்தானே கவிழ்ந்தால் விழுவார்கள்? நாமே முந்திக் கவிழ்ந்துகொண்டால்? குட்டியை மார்போடு அணைத்து, குளத்தோர மரக்கிளையைக் காலால் பற்றி, கண்ணை மூடித் தலைகீழாகத் தொங்கியது.

அன்று மத்தியானமே சின்ன நிலா கடலில் விழுந்தது. பூமி குலுங்கி அடங்கியது.

"கவிழ்ந்துடுச்சா?" என்று வௌவால் கேட்டது.

"இல்லை" என்றது ஆமை.

"ரெண்டு தரம் கவிழ்ந்து நிமிர்ந்துடுச்சே!" என்றது கரையான்.

வௌவால் கண்ணைத் திறந்து பார்த்தது. மரம் தலைகீழ். ஆமையும் தலைகீழ்.

"ஐயோ மாமா, தரையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க! வானத்துக்குள்ள விழுந்துடப் போறீங்க!"

"நீதாம்மா தலைகீழா இருக்கே. நிமிர்ந்து உட்காரு."

நிமிரலாம்தான். ஆனால் ஆமை சொல்வது தப்பாக இருந்துவிட்டால்? மார்பில் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. வௌவால் பிடியை விடவில்லை.

யார் சொன்னது சரியென்று எனக்கும் விளங்கவில்லை. அன்று முதல்தான் வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. மரத்தடியில் நடக்கும் நம்மைப் பார்த்து, 'ஐயோ, விழுந்துவிடப் போகிறார்களே' என்று இன்றும் கீச்சிட்டுக் கத்துகிறது.