உருளைக்குத் திருநீறு

குருவுக்கு வயசு இருபத்தெட்டு. சிஷ்யனுக்கு அம்பத்தொண்ணு. குருகுலம், சிங்காநல்லூர்ல ஒரு அப்பார்ட்மெண்ட் மூணாவது மாடி, சமையக்கட்டு வாசப்படி.

சிஷ்யன் பேரு சென்னியப்பன். மோட்டார் பம்ப் வியாபாரம். போன வருசம் ஆசைப்பட்டு ரேஸ் சைக்கிள் வாங்கி, பாலக்காடு ரோட்டுல ஒரு எருமை மேல போய் மோதி, தோள்பட்டை எலும்பை ஒடைச்சுக்கிட்டாரு. எருமை குறுக்கே பாஞ்சுதுன்னு வீட்ல சொன்னாரு. எருமை விடியக்காலையில இருந்து அதே எடத்துலதான் நின்னுச்சுன்னு கூடப் போனவங்க சொல்லிட்டாங்க.

அன்னிக்கே அவரு சம்சாரம் ருக்மணி ஹெல்மெட்டை பீரோவுல வச்சுப் பூட்டுனாங்க. சாவி இடுப்புல.

எலும்பு ஒட்டிக்கிச்சு. தைரியம் ஒட்டலை. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டாளிங்க எல்லாம் சைக்கிள்ல ஆழியாறு கிளம்பறாங்க. சென்னியப்பன் ஒரு வாரமா சம்சாரத்துக்குப் பின்னாலயே வெங்காயம் உரிச்சுக்கிட்டுத் திரிஞ்சதுல கடைசியா ஒரு தீர்ப்பு கெடைச்சுச்சு. வீட்டுக்குள்ளயே உருளை மேல சைக்கிள் ஓட்டிக் காட்டணும். குக்கர் மூணு விசில் அடிக்கிற வரைக்கும் ஹேண்டிலைத் தவிர கை எதையும் பிடிக்கக்கூடாது, கால் ஊணக்கூடாது. அப்புறந்தான் பீரோ திறக்கும்.

அதுக்காக வந்த கோச்தான் பொற்கொடி. ரேஸ் ஓட்டி மெடல் வாங்குன பொண்ணு. பேச்சு கம்மி.

உருளைன்னா பெரிய வித்தை ஒண்ணுமில்ல. ஒரு இரும்புச் சட்டம், அதுல மூணு உருளை. பின் சக்கரத்துக்கு ரெண்டு, முன் சக்கரத்துக்கு ஒண்ணு. பின் உருளை சுத்துனா ரப்பர் பெல்ட் முன் உருளையையும் சுத்திவிடும். சைக்கிளைப் பிடிச்சுக்க கொக்கி கிடையாது, நட்டு கிடையாது. மிதிச்சா நிக்கும், இல்லைன்னா சாயும். சாஞ்சா பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கதவு நிலை இருக்கட்டும்னு பொற்கொடி அதை வாசப்படியில போட்டுச்சு. சமையக்கட்டுக்குப் போறதுன்னா ருக்மணி சேலையைத் தூக்கிக்கிட்டுத் தாண்டித்தான் போகணும்.

சென்னியப்பன் ஏறுவாரு. நாலு மிதி மிதிப்பாரு. ஹேண்டில் லேசா அசையும். உடனே முன் சக்கரத்தைக் குனிஞ்சு பாப்பாரு. பாத்ததும் இன்னும் அசையும். அய்யய்யோன்னு நிலையைக் கட்டிப்பிடிப்பாரு. குடிச்சுட்டு வந்தவன் கரண்ட் கம்பத்தைப் பிடிச்ச மாதிரியே இருக்குதுன்னு ருக்மணி சொல்லிட்டாங்க.

சனிக்கிழமை காலையில பொற்கொடி வந்தப்ப, மூணு உருளையிலயும் திருநீத்துப் பட்டை. நடுவுல குங்குமம். ஹேண்டில்ல ஒரு எலுமிச்சம்பழம்.

"பூசை போட்டீங்களாங்ணா?"

"புது மெஷின் பாருங்க கோச். பூசையில்லாம ஏறுனதுதான் தப்பாயிருச்சு."

பூசைக்கப்புறமும் நாலாவது மிதியிலயே நிலையைப் பிடிச்சாரு.

இறங்கி உக்காந்து மூச்சு வாங்குனாரு. அப்பத்தான் மனசுல கெடந்ததைக் கேட்டாரு.

"கோச், நீங்க ஓட்டறப்ப சைக்கிள் கோயில் தூண் மாதிரி நிக்குது. எனக்கு மட்டும் ஆடுது. ஆடாம ஓட்டறது எப்படிங்க?"

பொற்கொடி ருக்மணிகிட்ட இன்னும் கொஞ்சம் திருநீறு கேட்டு வாங்குச்சு. தண்ணி விட்டுக் கொழைச்சு, முன் உருளையில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்லிசா பூசி, ஃபேனைப் போட்டுக் காயவிட்டுச்சு. காஞ்சதும் ஏறி மிதிச்சுது.

சைக்கிள் அசையலை. சென்னியப்பன் கண்ணுக்கு அசையவே இல்லை. நடுவுல ஒரு கையை நீட்டி ருக்மணிகிட்ட மோர் டம்ளரை வாங்கிக் குடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துச்சு. ஒரு சொட்டு சிந்தலை.

இறங்குனதும் சொல்லுச்சு. "உருளையைப் பாருங்ணா."

நூல் மாதிரி ஒரு கோடு இருக்கும்னு நெனைச்சுத்தான் சென்னியப்பன் குனிஞ்சாரு. திருநீறு நாலு விரல் அகலத்துக்குச் சுத்தமா அழிஞ்சிருந்துச்சு.

விரலை வச்சுப் பாத்தாரு. மறுபடியும் வச்சுப் பாத்தாரு.

"கோச், நீங்களும் ஆடியிருக்கீங்க."

"ஆமாங்ணா."

"மோர் குடிக்கறப்பவுமா?"

"அப்பக் கொஞ்சம் ஜாஸ்தி."

பொற்கொடி உருளைக்குப் புதுசா திருநீறு பூசிட்டு, ஏறுங்கன்னு கையைக் காட்டுச்சு.

ருக்மணி பருப்பைக் குக்கர்ல போட்டு அடுப்பைப் பத்த வச்சாங்க.

சென்னியப்பன் மிதிச்சாரு. ஹேண்டில் ஆடுச்சு. கை நிலைக்குப் போகப் பாத்துச்சு. சரி, கோச்சுக்கே நாலு விரலு, நமக்கு எட்டு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாரு. குனியலை. நேரா அடுப்பைப் பாத்துக்கிட்டே மிதிச்சாரு. இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் வந்துச்சு. முதல் விசில். ரெண்டாவது விசில்.

மூணாவது வரலை.

நேரா அடுப்பைத்தானே பாத்துக்கிட்டிருந்தாரு? ருக்மணி கை நைசா அடுப்பைக் குறைச்சதையும் பாத்துட்டாரு. நேத்தா இருந்தா, இது அழுகுணி ஆட்டம்னு கத்தி அந்தக் கத்தல்லயே விழுந்திருப்பாரு. இன்னிக்கு வாயைத் திறந்தவரு மூடிக்கிட்டாரு. ஏன்னா திருகு மேல கையை வச்சுக்கிட்டு ருக்மணி அவரோட ஒடைஞ்சு ஒட்டுன தோள்பட்டையையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

அவரு மிதிச்சாரு. வேர்வை மூக்கு நுனியில நின்னு சொட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அதே கை அடுப்பை ஏத்தி விட்டுச்சு.

மூணாவது விசில் அடிச்சு அடங்குச்சு. அவரு இன்னும் மிதிச்சுக்கிட்டே இருந்தாரு.

"போதுங்ணா, பருப்பு கொழைஞ்சிரும்."

இறங்கி, ரெண்டு கையிலயும் நிலையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

ருக்மணி சாவியை இடுப்புல இருந்து எடுத்துட்டாங்க. ஆனா பீரோவுக்குப் போகலை. குனிஞ்சு உருளையைப் பாத்தாங்க. திருநீறுன்னு சொல்ல ரெண்டு ஓரத்துலயும் ஒரு கீத்துதான் மிச்சம்.

"இந்த ஆட்டம் ஆடியிருக்காரே பொற்கொடி. ஆடாத அளவுக்குப் பழக்கிட்டு அனுப்பலாமில்ல?"

பொற்கொடி பால்கனிப் பக்கம் திரும்புச்சு. அங்க சென்னியப்பன் ரேஸ் சைக்கிளுக்கு முன்னால வச்சிருந்த பழைய சைக்கிள், ஸ்டாண்டு போட்டு, வெயில்ல நின்னுச்சு. ஹேண்டில்ல ஒரு துண்டு, சீட்டு மேல தலகாணி உறை, கம்பியில அவரோட ரெண்டு பனியன்.

"ஆடாத சைக்கிள் ஒண்ணுதான் ஏற்கெனவே வச்சிருக்கீங்களேக்கா."

ருக்மணி நிமிந்து அந்தப் பனியனைப் பாத்தாங்க. உள்ள போனாங்க. பீரோ திறக்கற சத்தம் கேட்டுச்சு.