மூன்றாவது கொப்பரை

முன்னொரு காலத்தில் கன்னலூர் என்று ஓர் ஊர் இருந்தது. ராஜா கதை கேட்க வந்தவர்கள் மன்னிக்கணும். இந்தக் கதையில் ராஜா ஒரே ஒரு தடவைதான் வருவார், அதுவும் பல்வலியோடு.

அந்த ராஜா ஒரு பொங்கலன்று கன்னலூர் வெல்லத்தைக் கடித்தார். கருகிப்போய்க் கல்லாய் இருந்த வெல்லம். ராஜாவுக்குப் பல் ஆடிப்போயிற்று. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். கன்னலூரில் புதிதாகக் கரும்பாலை வைப்பவன் ஊரார் முன்னால் வெல்லம் காய்ச்சிக் காட்ட வேண்டும். அவனுக்கு மூன்று கொப்பரைச் சாறு காய்ச்ச அனுமதி. மூன்றில் ஒன்று தேறினால் ஊர்க் கரும்பு அவன் ஆலைக்கும் வரும். மூன்றும் கெட்டால் ஆயுசுக்கும் அவன் ஆலை வைக்கக் கூடாது. ராஜா போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் மட்டும் நின்றுவிட்டது.

அந்த ஊரில் காளத்தி என்பவருக்கு ஓர் ஆலை இருந்தது. அப்பா விட்டுப்போன ஆலை. சின்ன வயசிலேயே முதலாளி ஆகிவிட்டார். அவரிடம் தாண்டவன் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தான். முதலாளியைவிடப் பத்து வயது மூத்தவன்.

கரும்பு பார்த்து எடுப்பவன் தாண்டவன். மாட்டை ஓட்டிச் சாறு பிழிபவன் தாண்டவன். அடுப்புக்குச் சக்கை தள்ளி, அழுக்கு நுரையை வழித்து, பாகு கிண்டுகிறவனும் தாண்டவன்தான். காளத்தி பின்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். கொப்பரைக்கு ஒரு வார்த்தை சொல்வார்.

"இறக்கு."

உடனே நாலு ஆட்கள் கழி கோத்துக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்குவார்கள். அந்த வார்த்தை முந்தினால் வெல்லம் உறையாது. பிந்தினால் கருகிப்போகும்.

தாண்டவன் ஒரு நாள் பெண்டாட்டி குயிலாளிடம் சொன்னான். "எல்லா வேலையும் நான் செய்யறேன். அவர் ஒத்தை வார்த்தை சொல்லிட்டு முதலாளியா உட்கார்ந்திருக்கார். அந்த வார்த்தை எனக்கு வராதா?"

"வராம என்ன?" என்றாள் குயிலாள். அவளுக்கும் முதலாளியம்மா ஆகிற ஆசை இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இரண்டு பேருக்கும் ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலம். வருஷச் சோறு அந்த நிலத்து நெல்தான். அந்த வருஷம் நெல்லை விட்டுவிட்டுக் கரும்பு போட்டார்கள். மூன்று கொப்பரைக்குச் சரியாக விளைந்தது. தாண்டவன் காளத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்து ஆலை நாட்டினான்.

ஊர் கூடியது. முதல் கொப்பரை ஏறியது. தாண்டவன் வேலை அத்தனை சுத்தம். பாகு பொங்கி எழுந்தது, நுரை பொன்னிறம் ஆயிற்று. நாலு ஆட்களும் கழியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்கள். தாண்டவன் கிண்டிக்கொண்டே நின்றான்.

ஏன் தெரியுமா? பன்னிரண்டு வருஷமாக அந்த வார்த்தை அவனுக்குப் பின்னாலிருந்துதான் வரும். இன்றைக்கும் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான், பாவி மனுஷன். பின்னால் கட்டிலும் இல்லை, காளத்தியும் இல்லை. கருகல் வாடை மூக்கில் ஏறியபோதுதான், சொல்ல வேண்டிய ஆள் தான்தான் என்பது அவனுக்கு உறைத்தது.

இரண்டாவது கொப்பரையில் பயம் பிடித்துக்கொண்டது. பாகு திரள்வதற்கு முன்பே "இறக்கு, இறக்கு" என்று இரண்டு தடவை கத்தினான். ஊற்றிவைத்தது கூழாகக் கிடந்தது.

"வெல்லத்தைக் குடிக்கக் கொடுத்த முதல் ஆள் நீதான் தாண்டவா," என்றார் ஊர்ப் பெரியதனக்காரர்.

மிச்சக் கரும்பு ஒரு கொப்பரைக்கு இருந்தது. ஆனது ஆகட்டும், காய்ச்சு என்றார்கள் சொந்தக்காரர்கள். தாண்டவனுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எனக்கு எல்லா வேலையும் தெரியுதுங்க. எப்போங்கறது மட்டும் தெரியலை. மூணாவது கொப்பரை இருக்கட்டும். நாள் வரும்போது காய்ச்சறேன்."

மூன்றும் ஒரே நாளில் காய்ச்ச வேண்டும் என்று ராஜா சொல்லவில்லை. பல்வலியில் மறந்திருப்பார். பெரியதனக்காரர் சரி என்றார்.

மறுநாள் தாண்டவன் போய்க் காளத்தி முன்னால் நின்றான். அப்படிப் போய் நிற்க ஒரு மனசு வேண்டும். காளத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கண்ணே. மாடு நின்னுக்கிட்டிருக்கு, ஓட்டுங்க."

"ஒரு பேச்சு முதலாளி. நாளுக்கு ஒரு கொப்பரைக்கு நான் வார்த்தை சொல்றேன். கெட்டுப்போனா அன்னைக்குக் கூலி நெல் வேண்டாம்."

காளத்தி யோசித்தார். ஒரு வேலை குறைந்தால் அவருக்குக் கசக்குமா? சரி என்றார்.

முதல் வருஷம் நிறையக் கெட்டது. பல நாள் கூலி இல்லை. வீட்டில் கஞ்சி, கஞ்சி, மறுபடியும் கஞ்சி. குயிலாள் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். ஆனால் தாண்டவனுக்குக் கண் திறந்தது. செம்மண் காட்டுக் கரும்பு சீக்கிரம் திரளும். ஆற்றங்கரைக் கரும்பு தண்ணீர் பிடித்தது, தாமதமாகும். மழை மூட்டம் போட்டால் பாகு பிடிவாதம் பிடிக்கும். பதம் வந்ததும் கொதிக்கிற சத்தம் சளசளப்பை விட்டுப் பொத்துப்பொத்தென்று கேட்கும். ஒரே வார்த்தைக்குள் இத்தனை சமாசாரம் இருந்தது. வருஷக் கடைசியில் ஊரார் கேட்டார்கள், "மூணாவது கொப்பரை எப்போ தாண்டவா?"

"இன்னும் இல்லைங்க."

இரண்டாவது வருஷம் ஒரே ஒரு கொப்பரைதான் கெட்டது. ஊரார் மறுபடியும் கேட்டார்கள். இன்னும் இல்லை என்றான். குயிலாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் என்னத்துக்குப் பயம்? அதான் எல்லாம் தேறுதே?"

 தாண்டவன் உள்ளதைச் சொன்னான். "நான் சொல்றதுக்கு முன்னால திரும்பி அவர் வாயைப் பார்க்கறேன். அவர் வெத்திலை மெல்றதை நிறுத்தினா, நான் இறக்குன்னு சொல்றேன். அது என் வார்த்தை இல்லை."



மூன்றாவது வருஷம், ஒரு மூட்டமான மத்தியானம். தாண்டவன் "இறக்கு" என்றான், இறக்கினார்கள். மரத்தொட்டியில் ஊற்றி, ஆறவைத்து, உருண்டை பிடித்து முடித்தான். கை கழுவத் திரும்பியபோதுதான் கட்டிலைப் பார்த்தான். காளத்தி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எப்போலேருந்து தூங்கறார்?" என்று ஆட்களைக் கேட்டான்.

"இந்தக் கொப்பரை ஏறினதுலேருந்தே."

அன்று வீட்டுக்குப் போனதும், "நம்ம கரும்பை வெட்டலாம்," என்றான். ஒவ்வொரு வருஷமும் நெல்லோடு ஓர் ஓரத்தில் ஒரு கொப்பரைக்குக் கரும்பு போட்டுவைத்திருந்தார்கள். குயிலாள் அப்போதே அரிவாளை எடுத்தாள்.

மறுபடியும் ஊர் கூடியது. இருப்பது ஒரே கொப்பரை. இது கெட்டால் தாண்டவன் சாகிற வரைக்கும் அடுத்தவர் மாட்டைத்தான் ஓட்ட வேண்டும். காளத்தியும் வந்து கூட்டத்தில் நின்றார், வழக்கம்போல் தாண்டவனுக்குப் பின்னால்.

பாகு எழுந்தது. நுரை பொன்னிறம் ஆயிற்று. ஆட்கள் கழியைப் பிடித்தார்கள். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"இறக்கு."

காளத்திதான் சொன்னார். பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆட்கள் நாலு பேரும் கழியைத் தூக்கப் போனார்கள்.

"இருங்க," என்றான் தாண்டவன். திரும்பிப் பார்க்கவில்லை. இது ஆற்றங்கரைக் கரும்பு. அவன் கிண்டினான். குயிலாள் கண்ணை மூடிக்கொண்டாள். சளசளப்பு அடங்கிப் பொத்துப்பொத்தென்று கேட்டது.

"இறக்கு."

ஆறிய உருண்டையைக் கல்லில் தட்டினார்கள். பிசுக்கில்லாமல் இரண்டாக உடைந்தது. பெரியதனக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டார். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். குயிலாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

காளத்தியும் ஒரு துண்டு எடுத்துத் தின்றுபார்த்தார். "நான் சொன்னப்போ இறக்கியிருந்தா?"

"உறைஞ்சிருக்காது முதலாளி."

காளத்தி விரலை நக்கிக்கொண்டார். "இனிமே என்னை முதலாளின்னு கூப்பிடாதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டுத் தன் ஆலைக்கு நடந்தார். அங்கே மாடு ஓட்ட ஆள் இல்லை.

கேட்டவர்களே, அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் தானே முடிவு சொல்லி, அது கெட்டால் தானே தாங்கிக்கொள்ளப் பழகியவன்தான் சொந்தத் தொழிலுக்குத் தயாரானவன்.